பெரிய பெட்டிக்கு மகம், சின்னப் பெட்டிக்கு ஆயில்யம்

1989 ஜூன் 8, வியாழன்

காலையிலிருந்து சாரல். துவைத்த வேட்டி மூன்று நாளாக ஈரம். குடைக்கம்பி ஒன்று ஒடிந்தது, மாற்ற வேண்டும்.

இன்று வந்த ஜாதகம்: ஒன்று. அதுவும் கரையான் அரித்த பழசை நகல் எடுக்க. போன வருடம் சீசனில் இதே வாரம் நம் வாசலில் செருப்பு விட இடமில்லை.

காரணம் தெரிந்ததுதான். மேலகரத்தான் ஒருவன், நேற்று வரை கல்யாண வீடுகளுக்கு மைக் செட் வாடகைக்கு விட்டவன், குற்றாலம் மெயின் அருவிக்குப் போகிற வழியில் கடை போட்டுவிட்டான். 'கம்ப்யூட்டர் ஜாதகம் – 3 நிமிடத்தில்' என்று பலகை, அதைச் சுற்றி சீரியல் பல்பு. குளித்துவிட்டு ஈரத் தலையோடு வருகிற ஜனம் சூடான பஜ்ஜியோடு ஜாதகத்தையும் வாங்கிக்கொண்டு போகிறது.

பஸ்ஸில் என் பின் சீட்டில் இரண்டு பேர்:

"கையால எழுதுனா தப்பு வரும்லா. மெஷின்னா பொய் சொல்லாது."

"தென்காசி சங்கரன் அண்ணாச்சி நல்லாத்தான் கணிப்பாரு."

"கணிப்பாரு. அவர்ட்ட ஜாதகத்த வாங்கிட்டு வாரதுக்குள்ள பிள்ளைக்கு மீசை மொளைச்சிரும்."

சங்கரன் அண்ணாச்சி நான்தான். பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன். பி.எஸ்ஸி. கணிதம். லாகரிதம் புத்தகத்தை வைத்துக்கொண்டு ஒரு ஜாதகத்துக்கு ஒன்றே முக்கால் மணி நேரம். தப்பு வராது. ஆனால் மீசை முளைக்கும்.

முடிவு: ஆவணி முகூர்த்தத்துக்குள் ஒரு மெஷின் வாங்கியே ஆக வேண்டும். இல்லாவிட்டால் பலகையைக் கழற்றி விறகுக்குப் போட வேண்டியதுதான்.

வீட்டில் சொன்னேன். அம்மா: "மெஷினு வந்து உக்காந்தா நீ எங்கனலே உக்காருவே?" கோமதி: "அது ஜாதகம் எழுதட்டும். நீங்க போயி ரெண்டு கிலோ தக்காளி வாங்கிட்டு வாங்க." இருபத்திரண்டு வருடம் குடும்பம் நடத்திய மனைவி பேசுகிற பேச்சு.

தக்காளி வாங்கி வந்தேன்.

ஜூன் 10, சனி

இரண்டு பார்ட்டி பேசியிருக்கிறேன். குறித்து வைக்கிறேன்.

பெரிய பெட்டி. திருநெல்வேலிக் கம்பெனி. ஆள் பெயர் செல்வராஜ், இந்தப் புழுக்கத்திலும் டை கட்டியவர்.
– வேகம் 10 மெகாஹெர்ட்ஸ். 'டர்போ' என்று ஒரு பித்தான். அமுக்கினால் வேகமாம், அமுக்காவிட்டால் மெதுவாம். மெதுவாக ஓடச் சொல்லி எவன் கேட்டான்?
– ரேம் 640. ஹார்ட் டிஸ்க் 20.
– பச்சை எழுத்து. தமிழில் அச்சடிக்கும். அடிக்கும்போது மாவு மில் சத்தம்.
– தூக்க இரண்டு ஆள். ஏசி அறை வேண்டும்.
– வாக்கியப் பஞ்சாங்கக் கணக்கு.

சின்னப் பெட்டி. செங்கோட்டை பாஸ்கரன், துபாயில் ஆறு வருடம் இருந்துவிட்டு வரும்போது கொண்டுவந்தது.
– மூடினால் சூட்கேஸ். திறந்தால் கம்ப்யூட்டர். மடியிலேயே வைத்துக்கொள்ளலாமாம்.
– வேகம் 8. ரேம் 512. ஹார்ட் டிஸ்க் இல்லை, ஃபிளாப்பி போட இரண்டு வாய்.
– தமிழ் வராது. இங்கிலீஷ் எழுத்துதான். தலையைச் சாய்த்தால்தான் திரை தெரிகிறது.
– பாட்டரி. கரண்ட் இல்லாமல் இரண்டு மணி நேரம் ஓடும்.
– திருக்கணிதக் கணக்கு.

விலை பற்றி இந்த நோட்டில் எழுதப் போவதில்லை. 

ரேம் என்றால் என்ன என்று செல்வராஜிடம் கேட்டேன். "மெமரி சார். ஞாபக சக்தி." அப்படியானால் என் அம்மாவுக்கு எத்தனை ரேம்? யார் கல்யாணத்தில் எந்தப் பந்தியில் யார் இலைக்குப் பாயசம் வராமல் போனது என்பது வரைக்கும் சொல்வாள். வயது எழுபத்தாறு. எல்லாம் சொந்தப் பல்.

ஆளுக்கு ஒரு நாள் ஓட்டிக் காட்டச் சொல்லியிருக்கிறேன். வாய்ப்பேச்சு வேண்டாம், ஓடட்டும் பார்ப்போம்.

ஜூன் 13, செவ்வாய்

பெரிய பெட்டி வந்தது, மூன்று பத்துக்கு. செவ்வாய்க்கிழமை, ராகு காலம்! "நாலரைக்கு மேல உள்ள கொண்டு வாங்க தம்பி" என்றேன். செல்வராஜும் இன்னொரு ஆளும் சாரலில் வேன் மேல் தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நாலு முப்பத்தொன்றுக்கு உள்ளே வந்தபோது டையிலிருந்து தண்ணீர் சொட்டியது. பாவமாகத்தான் இருந்தது, என்ன செய்ய.

விடை தெரிந்த கணக்கைத்தான் கொடுத்துப் பார்க்க வேண்டும். என் ஜாதகத்தைக் கொடுத்தேன். நான் பூரம், சிம்ம ராசி. மெஷின் யோசித்தது. பச்சைப் புள்ளி ஒன்று முழித்து முழித்துப் பார்த்தது. மூன்று நிமிடம் பத்து விநாடி. பூரம், சிம்மம். சரி.

அடுத்து அம்மா: "மருமவ ஜாதகத்தையும் போடுங்க தம்பி." கோமதி பிறந்தது கடையத்தில், விடிகாலை 5.52. போட்டார். பாதியில் கரண்ட் போனது. முதலிலிருந்து. மறுபடி போனது. மறுபடி முதலிலிருந்து. கடைசியில் மாவு மில் ஓடி, தாள் வெளியே வந்தது: மகம் ஒன்றாம் பாதம், சிம்ம ராசி.

அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "மெஷினும் மகம்னுதான சொல்லுது! நானா பாத்து எடுத்தவ இவ!" கோமதி முந்தானையைச் செருகிக்கொண்டு செல்வராஜிடம், "சிங்க ராசியாக்கும், காப்பியக் குடிச்சிட்டுப் பேசுங்க" என்றாள்.

ஏசிக்கு ஏன் செலவழிக்க வேண்டும், குற்றாலக் காற்றே ஏசிதானே, சன்னலைத் திறந்து வைத்தால் போதாதா என்று கேட்டேன். செல்வராஜ் என்னைப் பார்த்த பார்வை! "ஈரம் பட்டா போர்டு போயிரும் சார்." ஈரம் படாத இடம் ஜூன் மாதம் தென்காசியில் எங்கே இருக்கிறது? எங்கள் வீட்டில் உப்பு ஜாடியே அழுகிறது.

இருந்தாலும் பெரிய பெட்டி மேல் எனக்கு ஒரு இது. வாக்கியம் அல்லவா.

ஊரில் எனக்குப் பெயரே 'வாக்கியத்து அண்ணாச்சி'. பழைய சூத்திரங்களை வைத்துப் போடுகிற பஞ்சாங்கம் வாக்கியம். வானத்தில் கிரகம் இருக்கிற இடத்தைப் பார்த்துத் திருத்திப் போடுவது திருக்கணிதம். இரண்டுக்கும் சில நாள் ஒரு நாழிகை, இரண்டு நாழிகை இடிக்கும். திருக்கணிதக்காரர்களோடு நான் சண்டை போடாத டீக்கடை இந்த ஊரில் இல்லை.

ஜூன் 17, சனி

சாரல் இல்லை. வெயில், புழுக்கம். குடைக்கம்பி இன்னும் மாற்றவில்லை.

காலையில் பாஸ்கரன் சின்னப் பெட்டியோடு வந்தார். ஒரு கையில் பெட்டி, மறு கையில் நேந்திரம்பழச் சீப்பு. "ரெண்டு நாள் வச்சுப் பாருங்க அண்ணாச்சி. துபாய் சரக்காக்கும், தைரியமாட்டு தட்டுங்க" என்று சொல்லி, எந்தப் பித்தான் எதற்கு என்று காட்டிவிட்டுப் போனார். அம்மா தூக்கிப் பார்த்தாள்: "அம்மிக்கொழவி கனம்தாம்லே இருக்கு. இதுக்குள்ளயா அம்புட்டுக் கிரகமும் இருக்கு?"

மத்தியானம் கோமதியும் அம்மாவும் பெரிய கோயிலுக்குப் போன நேரம் பார்த்து உட்கார்ந்தேன். மடியில் வைத்தேன். தொடை சுட்டது. ஒரு தலையணையைக் கொடுத்தேன்.

என் ஜாதகம்: நாற்பது விநாடி! கடிகாரம் கெட்டுவிட்டதோ என்று மறுபடி போட்டேன். நாற்பது. வேகம் 10 என்கிறவன் மூன்று நிமிடம், 8 என்கிறவன் நாற்பது விநாடி. அப்படியானால் இந்த மெகாஹெர்ட்ஸ் எதைத்தான் அளக்கிறது? தாளில் எழுதிக் காட்டுகிற பெருமை வேறு, ஓடுகிற ஓட்டம் வேறு. பூரம் சரி. லக்னம் பாகை, கலை வரை சரி. அசந்துவிட்டேன்.

பிறகு, கை சும்மா இருக்காமல், கோமதி ஜாதகம்.

AYILYAM – 4. RASI: KADAKAM.

அடித்துப் பிடித்துத் தலையணையோடு மூடினேன். வீட்டில் யாரும் இல்லை. இருந்தாலும் வியர்த்தது.

இந்த நோட்டில்தான் எழுத முடியும், எழுதிவிடுகிறேன். இது எனக்குத் தெரியும். இருபத்திரண்டு வருடமாகத் தெரியும்.

கடையத்துக்குப் பெண் பார்க்கப் போயிருந்தோம். பேச ஒன்றும் தோன்றாமல், "கணக்கு வருமா?" என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டிருந்தவள் நிமிர்ந்து, "உங்களுக்கு வருமா?" என்றாள். அவ்வளவுதான். விழுந்துவிட்டேன். மறுநாள் அவள் ஜாதகத்தை இரண்டு விதமாகவும் கணித்துப் பார்த்தேன். வாக்கியப்படி 5.30-க்கே ஆயில்யம் முடிந்து மகம் வந்துவிட்டது. திருக்கணிதப்படி 6.21 வரை ஆயில்யம். அவள் பிறந்தது 5.52. ஆயில்யத்துப் பெண் வந்தால் மாமியாருக்கு ஆகாது என்று ஊர் முழுக்கப் பேச்சு. சாஸ்திரத்தில் அப்படி ஒன்றும் உறுதியாகச் சொல்லவில்லை. ஆனால் சாஸ்திரமா எங்கள் அம்மாவிடம் வந்து பேசப் போகிறது?

மகம் என்று எழுதி அம்மாவிடம் கொடுத்தேன். அன்றிலிருந்து நான் வாக்கியக் கட்சி. டீக்கடைச் சண்டை அத்தனையும் இதற்காகத்தான். இதை யாரிடம் சொல்ல?

எது மாறும், எது மாறாது என்று கணக்குப் போட்டேன். தசை: பெரிய வித்தியாசமில்லை, சில மாதம்தான். ரஜ்ஜு: அதே. கணம்: இரண்டுமே ராட்சச கணம், அதில் சந்தேகமே இல்லை. நட்சத்திரத்துக்கு உரிய மிருகம், அந்த யோனிதான் இடிக்கிறது. மகம் எலி. ஆயில்யம் பூனை. பூரமாகிய நான் எலி. இத்தனை நாள் எலியும் எலியுமாக இருந்த குடும்பம்.

கோயிலிலிருந்து வந்த கோமதி, "ஏன் இப்படி வேர்த்திருக்கு?" என்றாள். "புழுக்கம்" என்றேன்.

ஜூன் 18, ஞாயிறு

மறுபடி சாரல். நேந்திரம்பழம் அம்மா ஒருத்தியே நாலு.

கல்யாணத்துக்குப் பார்க்கிற மாதிரி மெஷின்களுக்கும் பொருத்தம் பார்த்தேன். பத்தில் எனக்கு வேண்டியது மட்டும்.

தினம் – தினப்படி உழைப்பு. சின்னது.
கணம் – சுபாவம். பெரியது கத்துகிறது. சின்னது வாயைத் திறப்பதில்லை. சின்னது.
ஸ்திரீ தீர்க்கம் – நம் வீட்டுப் பெண்கள் தூக்கி வைக்க முடியுமா. சின்னது.
வசியம் – தமிழ் எழுத்து, ஜாதகம் கேட்டு வருகிறவர்களுக்குப் பிடிக்கும். பெரியது.
ரஜ்ஜு – ஆயுள். பெரியது ஒரே சாயங்காலத்தில் இரண்டு முறை செத்துப் பிழைத்தது. ரஜ்ஜு தட்டிய இடத்தில் யாருக்கும் நான் முடித்து வைத்ததில்லை.

ஆக, முடிவு: பெரிய பெட்டி.

கோமதி காப்பி கொண்டுவந்தவள் தோள் வழியாக எட்டிப் பார்த்தாள். "நல்லதெல்லாம் சின்னதுலதான இருக்கு. பெறகு எதுக்குப் பெரிசு?"

"கொள்கை."

"கொள்கைக்கு ஏசி ரூம் வேணுமோ?"

நோட்டை மூடினேன். அவள் விடவில்லை: "சின்னதுல என் ஜாதகம் போட்டுப் பாத்தீங்களா?"

"பாட்டரி தீந்துட்டு."

மனமறிந்து சொன்ன பொய். நல்ல மெஷினைக் கையில் வைத்துக்கொண்டு சொத்தை மெஷினை வாங்கப் போகிறேன். மேலகரத்தான் சிரிப்பான். சிரிக்கட்டும், வீட்டில் நிம்மதி முக்கியம். இந்த வயதில் அம்மாவுக்கும் கோமதிக்கும் நடுவில் ஒரு ஆயில்யத்தைக் கொண்டுவந்து வைக்க என்னால் முடியாது.

நாளைக்கு பாஸ்கரன் வந்தால் பக்குவமாகச் சொல்லிவிட வேண்டும்.

ஜூன் 19, திங்கள்

சொல்ல முடியவில்லை. நான் வாயைத் திறக்குமுன் பாஸ்கரன்: "புதன்கிழமை எல்லாரும் குற்றாலத்துக்கு வாங்க. ஐந்தருவிப் பக்கம் சிநேகிதன் லாட்ஜ் உண்டு. சாரல்ல, கரண்ட் இல்லாம ஓட்டிக் காட்டுதேன். வேன் என் பொறுப்பு."

அம்மா அதற்குள் சீயக்காய்ப் பொடியை எடுத்து மடித்துவிட்டாள்.

ஜூன் 21, புதன்

இதை எப்படி எழுத. வரிசையாக எழுதுகிறேன்.

காலை ஏழு. வேன். நான், அம்மா, கோமதி, பாஸ்கரன், பெட்டி. மேலகரம் தாண்டியதும் சாரல் கனத்தது. மெயின் அருவிக்குப் போகிற வழியில் கரண்ட் இல்லை. மைக் செட்டுக்காரன் கடை வாசலில் பத்துப் பன்னிரண்டு பேர். அவன் இருட்டில் உட்கார்ந்து, "இப்ப வந்திரும், இப்ப வந்திரும்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். மனதுக்கு இதமாக இருந்தது.

ஐந்தருவி. லாட்ஜ் வராந்தாவில் பாஸ்கரன் பெட்டியைத் திறந்தார். கைப்பிடிச் சுவரில் ஒரு குரங்கு உட்கார்ந்து திரையையே பார்த்தது, தலையைச் சாய்த்து. குரங்குக்குக்கூடத் தெரிந்திருக்கிறது எப்படிப் பார்க்க வேண்டும் என்று.

இங்கேதான் புத்தி கெட்டது. எண்ணெய் தேய்க்கிறவர் ஒருவர், "வாங்க அண்ணாச்சி, உடம்பு கல்லு மாதிரி இருக்கு, பிடிச்சு விடுதேன்" என்றார். நானும் கோவணத்தோடு பலகையில் போய்க் குப்புறப் படுத்தேன். ஒரு வாரத்துக் கவலை தோளிலிருந்து இறங்குகிற மாதிரி இருந்தது.

நான் படுத்திருந்த நேரத்தில் வராந்தாவில் நடந்தது (பிறகு பாஸ்கரன் சொன்னது): மைக் செட்டுக்காரன் கடையில் காத்துக் காத்து அலுத்த நாலைந்து பேர், கரண்ட் இல்லாமல் ஒரு பெட்டி ஓடுகிறதாம் என்று கேள்விப்பட்டு வந்துவிட்டார்கள். பாஸ்கரனுக்கு உற்சாகம். "ஆராவது ஒரு ஜாதகம் சொல்லுங்க" என்றிருக்கிறார். கோமதி முன்னால் போய், "என்னோடதையே போடுங்க அண்ணாச்சி. கடையம், விடிகாலை அஞ்சு அம்பத்திரண்டு."

நாற்பது விநாடி.

என் முதுகில் திடீரென்று கை நின்றது. தலையைத் திருப்பினேன். குடையோடு கோமதி. அந்த ஒடிந்த கம்பியிலிருந்து தண்ணீர் நேராக என் காதில்.

"என் நட்சத்திரம் என்ன?"

"மகம்."

"நேராப் பாத்துச் சொல்லுங்க."

எண்ணெயில் ஊறிக் குப்புறப் படுத்திருக்கிற மனிதன் எப்படி நேராகப் பார்ப்பான்? எழுந்திருக்கப் பார்த்தேன், வழுக்கியது. எண்ணெய் தேய்க்கிறவர் பிடித்தார். அவர் கையும் எண்ணெய்.

"ஆயில்யம்" என்றேன், பலகையைப் பார்த்து.

 திரும்பிப் போய்விட்டாள். எண்ணெய்க்காரர் மெதுவாக, "எங்க வீட்லயும் ஆயில்யந்தான் அண்ணாச்சி. ஒண்ணும் செய்யாது" என்றார். ஆறுதலுக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை எனக்கு.

அருவியில் நின்றேன். எண்ணெய் போனது, பயம் போகவில்லை.

திரும்பினோம், அதே வேனில். அந்த நேரம் அருவியில் நின்ற அம்மாவுக்கு நடந்தது தெரியாது, தலையைத் துவட்டிக்கொண்டு வந்தாள். ஐந்தருவி தாண்டியதும் கோமதி, சன்னலைப் பார்த்துக்கொண்டே: "அத்தை, நான் மகம் இல்லயாம். ஆயில்யமாம். உங்க மகனுக்கு முன்னமே தெரியுமாம்."

அம்மாவின் கை துண்டோடு தலையிலேயே நின்றுவிட்டது.  மேலகரம் வந்ததும் வேன் டிரைவரிடம், "எய்யா, மெல்லப் போய்யா, வளைவு நெளிவா இருக்கு" என்றாள். நேர் ரோடு.

ஜூன் 22, வியாழன்

சாரல் விடாமல். வந்த ஜாதகம்: இல்லை. நான் ஜாதகம் பார்க்கிற நிலைமையிலும் இல்லை.

கோமதி காலையிலிருந்து என்னோடு பேசவில்லை. சாப்பாடு வந்தது, தண்ணீர் வந்தது, பேச்சு வரவில்லை. மத்தியானம் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நானும் போய் உட்கார்ந்து உரித்தேன்.

"எப்பத் தெரியும்?"

"பொண்ணு பாத்துட்டு வந்த மறுநாளு."

"ஏன் சொல்லல?"

"சொன்னா அம்மா சம்மதிச்சிருக்க மாட்டா. 'உங்களுக்கு வருமா'ன்னு கேட்டேல்லா, அதுக்கப்புறம் எனக்கு வேற பொண்ணு பாக்க மனசில்ல."

அழுதது வெங்காயத்தால்தான். இரண்டு பேருமே.

கண்ணைத் துடைத்துக்கொண்டு கோமதி: "சரி. கல்யாணத்துக்கு முன்னால மறைச்சீங்க, அது ஒரு நியாயம். கல்யாணத்துக்கு மறுநாள் சொல்லியிருக்கலாம்லா?"

"மறுநாளா? எதுக்கு?"

கத்தியைக் கீழே வைத்தாள். "ஆயில்யம்னு தெரிஞ்சிருந்தா உங்க அம்மைக்கு எம்மேல ஒரு பயம் இருந்திருக்கும்லா! இருபத்திரண்டு வருசம்! ரசத்துல உப்பு இல்லன்னு ஒரு நாளாவது வாயத் தொறந்திருப்பாங்களா? கோலம் கோணலா இருக்குன்னு எம் முன்னாலயே அழிச்சிட்டு வேற போட்டிருப்பாங்களா? எங்க அப்பா வந்தப்ப, கடையத்துக்காரங்களுக்குப் பந்தி வரிசை தெரியாதுன்னு சொல்லியிருப்பாங்களா? கையில இம்புட்டுப் பெரிய ஆயுதத்தக் குடுத்தனுப்பிச்சிருக்கான் ஆண்டவன். அத எடுத்துப் பரண் மேல போட்டுட்டீங்களே, பாவி மனுசா!"

நான் இந்தக் கோணத்தில் யோசித்ததே இல்லை. பி.எஸ்ஸி. கணிதம் படித்தவன், இந்த ஒரு கணக்கைப் போடாமல் விட்டுவிட்டேன். அவள் சொன்னது ஒவ்வொன்றும் நிஜம். அந்த நேரமெல்லாம் நான் பஞ்சாங்கத்துக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்ததும் நிஜம். வெட்கமாக இருந்தது. மிச்ச வெங்காயம் முழுக்க நானே உரித்தேன்.

ஜூன் 23, வெள்ளி

காலையில் அம்மா என்னைப் பின்கட்டுக்குக் கூப்பிட்டாள். ரகசியக் குரல்.

"ஏலே சங்கரா. ஆயில்யம்னா எத்தனை வருசத்துல காட்டும்?"

"அம்மா, இருபத்திரண்டு வருசம் ஆச்சு. ஒனக்கு ஒரு பல்லுகூட ஆடல."

"அது அவளுக்குத் தெரியாம இருந்ததால. இப்பத் தெரிஞ்சிட்டுல்லா."



மத்தியானச் சாப்பாடு. ரசம் வாயில் வைத்தேன். உப்பே இல்லை. மறதி இல்லை, கோமதியின் முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. மெஷினை ஓட்டிப் பார்க்க எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

அம்மா ஒரு வாய் குடித்தாள். நிறுத்தினாள். கோமதி கரண்டியோடு நின்றாள். அம்மா மிச்சத்தையும் குடித்தாள்.

"ரசம் நல்லாருக்குட்டி" என்றாள்.

 நான் உப்பு ஜாடியைத் தொடவில்லை.

சாயங்காலம் பாஸ்கரன் வந்தார், பயந்துகொண்டே. "எனக்குத் தெரியாது அண்ணாச்சி, மன்னிக்கணும். வேணும்னா வாக்கியமும் சேத்துத் தாரேன். எஃப்-1 தட்டினா வாக்கியம், எஃப்-2 தட்டினா திருக்கணிதம்." நான் யோசிப்பதற்குள் உள்ளேயிருந்து கோமதி: "ரெண்டும் இருக்கட்டும் அண்ணாச்சி. வேண்டியவங்க வேண்டியதத் தட்டிக்கிடட்டும். பெட்டிய இங்கனயே வச்சுட்டுப் போங்க."

வாங்கியாயிற்று என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. செல்வராஜுக்கு ஒரு கார்டு எழுதிப் போட வேண்டும். நல்ல தம்பி. டை காய்ந்திருக்கும்.

ஜூன் 25, ஞாயிறு

வெயில். வேட்டி காய்ந்தது. குடைக்கம்பி மாற்றியாயிற்று.

வந்த ஜாதகம்: ஏழு! மூன்று பேர் குற்றாலத்திலிருந்து ஈரத் தலையோடு நேரே இங்கே. இங்கிலீஷில் வருவதை நான் பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் எழுதிக் கொடுக்கிறேன். "மெஷினும் இருக்கு, அண்ணாச்சி கையெழுத்தும் இருக்கு" என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போனார். டீக்கடையில் வாக்கியக் கட்சிக்காரர்கள் யாரும் என்னோடு பேசவில்லை. பேசாமல் இருப்பதே நல்லது.

சாயங்காலம் கோமதி சின்னப் பெட்டி முன்னால் உட்கார்ந்து தன் ஜாதகத்தைத் தட்டினாள். எஃப்-2. தலையைச் சாய்த்து ரசித்துக்கொண்டிருந்தாள்.

அம்மா அடுப்படியிலிருந்து காப்பியோடு வந்தாள். இந்த வீட்டில் அம்மா கையால் கோமதிக்குக் காப்பி வந்து நான் பார்த்ததில்லை. பக்கத்தில் வைத்தாள். "ஆறிப் போவும், குடிட்டி."

கோமதி ஒரு வாய் குடித்தாள். திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"சீனி பத்தல அத்தை."

அம்மா உள்ளே போனாள். எனக்கு மனது கேட்கவில்லை. "போதும் கோமதி. பாவம், வயசானவ" என்றேன்.

"இருபத்திரண்டு வருசம் இருக்கு. நாலு நாள்தான கழிஞ்சிருக்கு."

அம்மா சீனி டப்பாவோடு வந்தாள்.